புரதத்தை ஆட்டி வைக்கும் தண்ணீர்

கெண்ட்ரூ குழு 1960-ல் மயோகுளோபினின் வடிவத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்தபோது ஒரு புதிரும் கூடவே வந்தது. நடுவில் இருக்கும் இரும்பை ஆக்சிஜன் போய்ச் சேரத் திறந்த வழியே இல்லை! அப்படியென்றால் புரதம் அசைந்து வழிவிட வேண்டும். அசைப்பது யார்?

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைக் கையில் எடுத்தவர் ஹான்ஸ் ஃப்ராவன்ஃபெல்டர். (ஆள் அடிப்படையில் அணுக்கரு இயற்பியல்காரர்!) மயோகுளோபினில் ஒட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடை ஒளிவீச்சால் பிரித்துவிட்டு, அது திரும்ப ஒட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் குழு அளந்தது. பிறகு கிளிசரால் கலந்து கரைசலைப் பிசுபிசுப்பாக்கிப் பார்த்தார்கள். வெளியே திரவம் கெட்டியாக ஆக, உள்ளே வேகம் குறைந்தது. 1980-ல் இது கட்டுரையாக வந்தது.

2002-ல் அதே ஃப்ராவன்ஃபெல்டரும் கூட்டாளிகளும் இதற்கு 'அடிமைப்படுத்தல்' என்றே பெயர் வைத்தார்கள். பெயர் கொஞ்சம் ஓவர்தான். கரைப்பானுக்குக் கட்டுப்படாத அசைவுகளும் புரதத்துக்குள் உண்டு என்று அதே கட்டுரை சொல்கிறதே!