எரித்த தட்டுகளும் கைவிட்ட கருவிகளும்

1979 ஜூலை 12, சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் டிக்கெட் 98 சென்ட்தான். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, ஸ்டீவ் டால் என்ற ரேடியோக்காரர் குவிந்த தட்டுகளை மைதானத்தில் வெடி வைத்துத் தகர்த்தார். கூட்டம் உள்ளே இறங்கிவிட்டது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை.

‘பிடிக்காத பாட்டை உடைச்சாங்க, அவ்வளவுதானே?’ என்று கேட்கலாம். அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ் அப்படி நினைக்கவில்லை. டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளையும் மக்கள் கொண்டுவந்ததைக் கவனித்ததாகப் பின்னாளில் சொன்னார். எரிந்தது பாட்டு மட்டுமா என்ற கேள்வி எனக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அதே ஊரில் வேர்ஹவுஸ் என்றொரு கிளப். 1977 முதல் அங்கே டிஜே, நியூயார்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கிள்ஸ். ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்கள். வெளியே ரெண்டு தடவை ஒதுக்கப்பட்டவர்கள். டிஸ்கோவைக் கம்பெனிகள் கைகழுவியபின், நக்கிள்ஸ் பழைய பாட்டுகளை டேப்பில் வெட்டி ஒட்டி, தாளத்தை நீட்டி ஓடவிட்டார். வேர்ஹவுஸ் என்ற பெயரின் வால்தான் ‘ஹவுஸ்’.

கருவிகளும் ஒதுக்கப்பட்டவைதான். ரோலண்டின் டிபி-303, பேஸ் கிதாருக்கு மாற்று என்று சந்தைக்கு வந்தது. சத்தம் கிதார் மாதிரியே இல்லை, விற்கவும் இல்லை, தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதை செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபியூச்சர் குழுவினர் குமிழ்களைத் திருகித் திருகிப் பார்த்தார்கள். 1987இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வந்தது.

பக்கத்து மாநிலத்து டெட்ராய்டில் கார் ஆலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. அதன் புறநகரான பெல்வில்லில் பள்ளித் தோழர்களான ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கையும் அமெரிக்க ஃபங்க் இசையையும் சேர்த்துக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் கையில் உருவானது டெக்னோ. 1989இல் சுவர் விழுந்ததும் பெர்லினின் காலிக் கட்டடங்களில் அது குடியேறியது. இன்று பலருக்கு டெக்னோ என்றாலே ஐரோப்பா. எனக்கு இதுதான் உறுத்துகிறது: வெடி வைத்தும் அழிக்க முடியாததை மறதி அழித்துவிடும்.

சரி, அந்த மைதானத்து இளைஞர்? சிந்தசைசர் வாங்கக் காசு சேர்க்கத்தான் அவர் அந்த வேலைக்கே போயிருந்தார். 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து ‘ஆன் அண்ட் ஆன்’ பாட்டை உருவாக்கினார். முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலரும் சொல்வது அதைத்தான்.