தாக்கிப் பார்த்தலும் தணிக்கை செய்தலும்: தகவல் பாதுகாப்பு மதிப்பீட்டில் இரு மரபுகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வணிக நிறுவனங்களின் தகவல் பாதுகாப்பு மதிப்பீட்டில் ஊடுருவல் சோதனை, இணக்கத் தணிக்கை என்னும் இருவகைப் பணிகள் இன்று ஒருங்கே இடம்பெறுகின்றன. முன்னது படைத்துறையிலும் பின்னது கணக்கியலிலும் வேர் கொண்டவை. இவ்விரு மரபுகளும் தத்தம் வரம்புகளைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தன. வணிகத்தில் அவை ஒரே சான்றிதழின் கீழ் இணைந்தபோது அவ்வரம்புகள் மறைந்தன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தகவல் பாதுகாப்பு, ஊடுருவல் சோதனை, இணக்கத் தணிக்கை, சான்றிதழ், மல்டிக்ஸ்

முன்னுரை

ஓர் அரண் வலியதா என்பதை அறிய இரு வழிகள் உண்டு. பகைவனின் இடத்தில் நின்று மதிலேற முயல்வது ஒன்று. காவலர், கதவு, தாழ், படைக்கலம் ஆகியன விதித்தபடி உள்ளனவா எனப் பதிவேட்டைக் கொண்டு சரிபார்ப்பது மற்றொன்று. முதல் வழி 'உள்ளே நுழைய முடியுமா?' என வினவுகிறது. இரண்டாம் வழி 'விதித்தவை நிறைவேற்றப்பட்டுள்ளனவா?' என வினவுகிறது. இரண்டும் தேவையான வினாக்களே. எனினும் ஒன்றற்குரிய விடை மற்றொன்றற்கு விடையாகாது. கணினிப் பாதுகாப்பின் வரலாற்றில் இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மங்கியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

படைத்துறையில் ஊடுருவல் சோதனை

1960களில் ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறை அமெரிக்காவில் பரவியது. மறைபொருள் காக்க வேண்டிய படைத்துறைக்கு இது புதிய இடராயிற்று. ராண்ட் கழகத்தைச் சேர்ந்த வில்லிஸ் வேர் தலைமையிலான பணிக்குழு 1970 பிப்ரவரியில் அளித்த அறிக்கை, பலதரப்பட்டோர் அணுகும் திறந்த சூழலில் மறைபொருளைக் காக்கும் ஆற்றல் அக்காலக் கணினிகளுக்கு இல்லை என்னும் முடிவுக்கு வந்தது. 1972இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் அமெரிக்க வான்படைக்காக உருவாக்கிய அறிக்கை அடுத்த படியை எடுத்துவைத்தது. ஓட்டைகளைக் கண்டுபிடித்து அடைத்துக்கொண்டே செல்வது பாதுகாப்பாகாது என்றும், முழுமையாகச் சரிபார்க்கத்தக்க அளவுக்குச் சிறிய காவல் நுட்பம் கணினியின் உள்ளேயே அமைய வேண்டும் என்றும் அவ்வறிக்கை வாதிட்டது.

1974 ஜூனில் வெளியான பால் கார்கர், ரோஜர் ஷெல் ஆகியோரின் மல்டிக்ஸ் மதிப்பீடு இம்மரபின் முதன்மை ஆவணம் எனலாம். பாதுகாப்பைக் கருத்திற்கொண்டே வடிவமைக்கப்பட்ட அவ்வியக்குதளத்தை அவர்கள் தாக்கி ஆராய்ந்தனர். வன்பொருள், மென்பொருள், நடைமுறை ஆகிய மூன்றிலும் பலவீனங்கள் வெளிப்பட்டன. வன்பொருளின் அணுகல் தடைகளை ஓயாமல் சோதிக்கும் சிறு நிரல் ஒன்றை நீண்ட காலம் இயக்கியதில், ஒரு குறிப்பிட்ட கட்டளை அமைப்பு அத்தடைகளைக் கடந்து செல்வது தெரியவந்தது. மொழிபெயர்ப்பியான கம்பைலருக்குள்ளேயே கள்ளவழி ஒன்றை ஒளித்துவைக்க இயலும் என்பதையும் அவர்கள் சுட்டினர்.

இவ்வறிக்கையின் தர்க்கம் கருதத்தக்கது. சோதிப்பவர் உள்ளே நுழைந்துவிட்டால் பலவீனம் ஐயமின்றி நிறுவப்படுகிறது. நுழைய இயலாவிடின், அச்சோதனையாளரால் அக்காலத்துக்குள் அவ்வழியில் நுழைய இயலவில்லை என்பது மட்டுமே நிறுவப்படுகிறது. தோல்வியுற்ற தாக்குதல் பாதுகாப்புக்குச் சான்றாகாது என்பதை ஊடுருவல் சோதனையின் முன்னோடிகள் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

கணக்கியலில் கணினித் தணிக்கை

வணிக உலகம் வேறொரு வாயில் வழியாக இப்பொருளுக்குள் வந்தது. கணக்கேடுகள் கணினிக்கு மாறிய பின்னரும் தணிக்கையாளர் பலர் கணினியை விட்டுவிட்டு, அதில் இடப்பட்ட ஆவணங்களையும் அது அச்சிட்டுத் தந்த தாள்களையும் ஒப்பிடுவதோடு நின்றனர். இம்முறையின் குறையை 1973இல் வெளிப்பட்ட ஈக்விட்டி ஃபண்டிங் மோசடி உலகறியச் செய்தது. லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த அந்நிறுவனத்தின் பதிவுகளில் 60,000க்கும் மேற்பட்ட காப்பீட்டு ஒப்பந்தங்கள் போலியானவை. கணினி அச்சிட்டது என்பதாலேயே ஒரு பட்டியல் மெய்யாகிவிடாது என்னும் பாடத்தைத் தணிக்கைத் துறை இதிலிருந்து பெற்றது. 1969இல் லாஸ் ஏஞ்சலஸிலேயே தொடங்கப்பட்டிருந்த கணினித் தணிக்கையாளர் சங்கத்தின் பணி இதன் பின்னர் முக்கியத்துவம் பெற்றது. இன்று 'ஐசாகா' என அறியப்படும் பன்னாட்டு அமைப்பு அச்சங்கத்தின் வழிவந்ததே.

தணிக்கை மரபும் தன் எல்லையை அறிந்ததே. தணிக்கையாளர் எல்லாப் பதிவுகளையும் பார்ப்பதில்லை, மாதிரிகளையே பார்க்கிறார். அவர் முழு உறுதி தருவதில்லை. தக்க அளவு உறுதியே தருகிறார். அவருடைய கருத்து ஒரு குறிப்பிட்ட காலத்துக்கும் வரையறுத்த எல்லைக்கும் உட்பட்டது.

இரு மரபுகளின் இணைவு

தரநிலைகளின் வழியே இவ்விரு மரபுகளும் இணைந்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1983இல் வெளியிட்டு 1985இல் திருத்திய, ஆரஞ்சு நூல் எனப்படும் அளவுகோல் கணினி அமைப்புகளைத் தரவரிசைப்படுத்தியது. பிரிட்டனில் 1995இல் வெளியான பி.எஸ். 7799 கருவியை விடுத்து நிறுவனத்தின் நிர்வாக முறையை நோக்கியது. அதன் வழிவந்த ஐ.எஸ்.ஓ. 27001 தரநிலை 2005இல் வெளியாயிற்று. நிறுவனம் தன் இடர்களை மதிப்பிட்டுள்ளதா, கட்டுப்பாடுகளைத் தேர்ந்து நடைமுறைப்படுத்துகிறதா என்பதையே இத்தரநிலையின் தணிக்கை ஆராய்கிறது.

கட்டண அட்டை நிறுவனங்கள் 2004 டிசம்பரில் கொணர்ந்த பி.சி.ஐ. தரநிலையில் இணைவு முழுமை பெற்றது. அதன் 12 தேவைகளுள் காலாண்டுதோறும் பலவீனங்களை வருடியறிதலும் ஆண்டுதோறும் ஊடுருவல் சோதனையும் இடம்பெற்றன. தாக்கிப் பார்த்தல் இவ்வாறு தணிக்கைப் பட்டியலின் ஓர் உருப்படியாயிற்று. 'சோதனை எதைக் கண்டது?' என்னும் வினாவின் இடத்தை 'சோதனை நடத்தப்பட்டதா?' என்னும் வினா பிடித்துக்கொள்ள இது வழிவகுத்தது.

ஹார்ட்லேண்ட் நிகழ்வு

இதன் விளைவை ஹார்ட்லேண்ட் என்னும் அமெரிக்கக் கட்டணச் செயலாக்க நிறுவனத்தின் வரலாறு காட்டுகிறது. அந்நிறுவனத்தின் வலையமைப்புக்குள் 2007 டிசம்பர் இறுதியில் ஊடுருவல் தொடங்கியது. 2008 ஏப்ரலில் அந்நிறுவனம் பி.சி.ஐ. இணக்கச் சான்று பெற்றது. 2009 ஜனவரியில்தான் தரவுத் திருட்டு அறிவிக்கப்பட்டது. ஹார்ட்லேண்ட் உள்ளிட்ட சில நிறுவனங்களிலிருந்து 13 கோடிக்கும் மேற்பட்ட அட்டை எண்கள் திருடப்பட்டன எனக் குற்றப்பத்திரிகை கூறியது. காலவரிசை தெளிவானது: சான்றிதழ் வழங்கப்பட்டபோது பகைவர் மதிலுக்கு உள்ளே இருந்தனர்.

நிறுவனத் தலைவர் தணிக்கையாளரைக் குறைகூறினார். விசா நிறுவனமோ, தாக்குதலுக்கு உள்ளான எந்த நிறுவனமும் அவ்வேளையில் உண்மையான இணக்கத்தில் இருந்ததாகக் கண்டறியப்படவில்லை என்றது. 2009 மார்ச்சில் ஹார்ட்லேண்டைத் தன் இணக்கப் பட்டியலிலிருந்து நீக்கவும் செய்தது. இவ்வாதம் ஆராயத்தக்கது. தாக்குதல் நிகழ்ந்தால் இணக்கம் இருந்திருக்க இயலாது எனக் கொண்டால், தரநிலை பிழையானது என எந்த நிகழ்வாலும் காட்ட முடியாது. அந்நிலையில் சான்றிதழ் எதிர்காலத்தைப் பற்றி எதையும் உரைப்பதில்லை. 2013 செப்டம்பரில் இணக்கச் சான்று பெற்ற டார்கெட் நிறுவனத்திலிருந்து அவ்வாண்டு இறுதிக்குள் 4 கோடி அட்டைகளின் தரவு களவுபோனமையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இந்தியச் சட்டத்தில் சான்றிதழ்

இச்சிக்கல் இந்தியச் சட்டத்திலும் தடம் பதித்துள்ளது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 43அ பிரிவு, நியாயமான பாதுகாப்பு நடைமுறைகளைப் பேணுவதில் அலட்சியம் காட்டித் தீங்கு விளைவிக்கும் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்றது. 2011ஆம் ஆண்டு விதிகள் ஐ.எஸ்.ஓ. 27001 தரநிலையைப் பெயர்சுட்டி ஏற்றன. சார்பற்ற தணிக்கையாளரால் முறையாகத் தணிக்கை செய்யப்பட்டு அத்தரநிலையைக் கடைப்பிடிக்கும் நிறுவனம், நியாயமான நடைமுறைகளைப் பின்பற்றியதாகவே கருதப்படும் நிலை உருவாயிற்று. நிர்வாக முறை பற்றிய சான்று, பொறுப்பிலிருந்து காக்கும் கேடயமாகவும் பயன்படத்தக்கதாயிற்று.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 43அ பிரிவை நீக்க வகைசெய்கிறது. தரவு மீறலைத் தடுக்க நியாயமான காப்புகளை மேற்கொள்ளும் கடமையை அச்சட்டமே நேராக விதிக்கிறது. தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்கவும் இடந்தருகிறது. முக்கியத்துவம் வாய்ந்த தரவுப் பொறுப்பாளர்கள் சார்பற்ற தணிக்கையாளரை அமர்த்த வேண்டும் எனவும் கூறுகிறது. தணிக்கை அறிக்கைக்கு எத்தகைய எடை தரப்படும் என்பதே இனி இச்சட்டத்தின் செயல்முறையில் கவனிக்க வேண்டியதாகும்.

முடிவுரை

ஊடுருவல் சோதனையாளர் தம் தோல்வியைப் பாதுகாப்பாகக் கொள்ளவில்லை. கணக்குத் தணிக்கையாளர் தம் மாதிரியை முழுமையாகக் கொள்ளவில்லை. இவ்விரு அடக்கமும் சான்றிதழின் ஒற்றை வரியில் தொலைந்தன. சான்றிதழ்களைக் கைவிடுவது இதற்குத் தீர்வன்று. எது சோதிக்கப்பட்டது, எது விடப்பட்டது, யாரால், எத்தனை நாளில், எந்நாள் வரை என்பவை அறிக்கையின் முகப்பிலேயே இடம்பெற வேண்டும். நீதிமன்றங்களும் ஒழுங்குமுறை அமைப்புகளும் சான்றிதழை ஒரு சாட்சியமாக எடைபோடலாம். தீர்ப்பாக ஏற்றல் தகாது. அவ்வாறன்றேல், பதிவேடு நிறைவாக இருந்தது என்பதைக் கொண்டு, திருட்டுப்போன அட்டைக்கு உரியவரின் இழப்பு யார் பொறுப்பிலும் சேராமல் போகும்.