பூசணம் பிடிச்ச தீவனமும் பெரியப்பாவோட மாத்திரையும்

போன ஆவணியில அப்பாவுக்கு வலது கால் வீங்கிப்போச்சு. ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்குதுன்னு சொல்லி, வார்ஃபரின் மாத்திரை தினம் 5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தாங்க. பெரியப்பாவுக்கும் அதே நோவு, அதே மாத்திரை. ஆனா அவருக்கு 2 தான். "எனக்கு மட்டும் ஏன் கொறச்சல்?"னு யாரையும் கேக்காம அவரும் அஞ்சுக்கு மாறிட்டார். கொஞ்ச நாள்ல ஈறுல ரத்தம், சிறுநீர்ல ரத்தம். ஆஸ்பத்திரியில வைட்டமின் கே கொடுத்துக் காப்பாத்துனாங்க.

நோவு ஒண்ணா இருந்தும் அளவு ஏன் வேற? தேடிப் படிச்சப்போ, கதை ஒரு மாட்டுத்தொழுவத்துல போய் நின்னுச்சுங்க.

1920களில் வட அமெரிக்காவில் மாடுகள் ரத்தம் வடிந்தே செத்தன. கொம்பு அறுத்தால், காயடித்தால் ரத்தம் நிற்காது. கனடாவின் கால்நடை மருத்துவர் ஃப்ராங்க் ஸ்கோஃபீல்ட் காரணத்தைக் கண்டுபிடித்தார்: பூசணம் பிடித்த ஸ்வீட் க்ளோவர். நம்ம குதிரைமசால் மாதிரி ஒரு தீவனம் அது.

1933 பிப்ரவரி. விஸ்கான்சினில் எட் கார்ல்சன் என்ற விவசாயி, செத்த கிடாரி ஒன்று, ஒரு பால்கேன் நிறைய உறையாத ரத்தம், 100 பவுண்டு கெட்டுப்போன தீவனம் எல்லாத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் 190 மைல் ஓட்டிவந்தார். கால்நடைத்துறை அலுவலகம் பூட்டியிருந்தது. தற்செயலாகப் போய் நின்ற இடம் கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடம். அந்தத் தீவனத்தைப் போடாதே என்பதைத் தவிர லிங்க்கால் அன்று பெரிதாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. வேற தீவனம் இல்லாதவன்கிட்ட அப்படிச் சொன்னா எப்படி இருக்கும்னு மாடு வெச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும்.

ஆனால் லிங்க் விடவில்லை. அவரது குழு 1939இல் அந்த விஷத்தைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின், 1948இல் எலிமருந்தாகக் கடைக்கு வந்தது; 1954இல் மனிதருக்கான மருந்தானது.

இங்கதான் அளவுப் பிரச்சினை. ஒருத்தர் உடம்புவாகு, சாப்பாடு, கூட எடுக்கிற மருந்து இதையெல்லாம் பொறுத்து வார்ஃபரின் வேலை மாறும். ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகுதுன்னு பார்த்துத்தான் கூட்டிக் குறைக்கணும். அந்தச் சோதனையை ஆர்மண்ட் க்விக் 1935லேயே கொண்டுவந்துட்டார். ஆனால் சோதனைக்குக் கலக்கும் பொருளை ஒரு இடத்தில் முயல் மூளையிலிருந்து எடுத்தார்கள், இன்னொரு இடத்தில் மனித மூளையிலிருந்து. அதனால் ஒரே ரத்தத்துக்கு ஊருக்கு ஒரு கணக்கு வந்தது. பெரிய படி, சின்னப் படின்னு ரெண்டு படியில நெல் அளந்த கதைதான். கணக்கு தப்பினால் மருந்தும் தப்பும். சில ஊர்களில் தேவைக்கு மேல் மருந்து போய் ரத்தக்கசிவு கூடியது.

1983இல் உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் ஒரே படியாக ஐஎன்ஆர் என்ற கணக்கை ஏற்றது. மருந்து எடுக்காதவருக்கு அது சுமார் 1. ரத்தக்கட்டி வந்தவருக்கு வழக்கமாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். குறைந்தால் மறுபடி உறையும், ஏறினால் ரத்தம் கசியும்.

ஆக, பொதுவாக்கினது மாத்திரையை இல்லைங்க, அளக்கிற படியைத்தான். அப்பாவுக்கு 5, பெரியப்பாவுக்கு 2. ரெண்டு பேருக்கும் ஐஎன்ஆர் இப்போ 2.5 பக்கத்துல நிக்குது.

பெரியப்பா இப்பல்லாம் அப்பாவோட மாத்திரை டப்பாவைத் திரும்பிப் பாக்கறதில்லை. ரத்தச் சோதனைச் சீட்டு வந்தா மட்டும், "உனக்கு எவ்வளவுடா?"ன்னு கேட்டுக்குவார்.