ஊர்சார் மதுத் தடுப்புக்குப் பணிக்கணக்கு எழுதும் முறை: ரெட்டிபாளையத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் ஆட்பட்டவரை மீட்பது சிகிச்சை. ஆட்படாதவரைக் காப்பது தடுப்பு. ஆசிரியர், மகளிர் குழுத் தலைவி, மேஸ்திரி போன்றோரைப் பயிற்றி, அவர்கள் வழியே ஊரைக் காப்பதை 'ஊர்சார் தடுப்பு' என்கிறோம். அப்பணியின் அளவையும் செலவையும், பணம் தருவோர் சரிபார்க்கும்படி எழுதிக் காட்டுவது 'பணிக்கணக்கு'. சிகிச்சையில் நோயாளியின் பெயரில் பில் போடலாம். தடுப்பில் நோயாளியே இல்லை. கணக்கை எதன்மேல் எழுதுவது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. வகைகள்

அமெரிக்க மருத்துவக் குறியீட்டுத் தொகுதி தடுப்புப் பணியை ஆறாகப் பிரித்து, எச் 0024 முதல் எச் 0029 வரை எண் தந்துள்ளது. அவை முறையே: செய்தி பரப்பல், கல்வி, ஊர்சார் செயல்முறை, சட்டமும் கொள்கையும் சார்ந்த சூழல் மாற்றம், சிக்கலை இனங்கண்டு உரிய இடத்துக்கு அனுப்புதல், மதுவற்ற மாற்று நிகழ்ச்சிகள். மூன்றாவதான எச் 0026, பிறர்மீது செல்வாக்குடையோரின் திறனை வளர்க்கும் பணியைக் குறிக்கும். நாம் வரையறுத்த பொருள் இதுவே. எண் இருப்பதனாலேயே பணம் வந்துவிடாது. அதை ஏற்பதும் மறுப்பதும் பணம் தருவோர் முடிவு. ஆயினும் நோயாளி இல்லாத பணிக்கும் அலகு வகுக்கலாம் என்பது இதனால் தெளிவாகிறது.

3. நிதி வழிகள்

நம் நாட்டில் மூன்று வழிகளை எண்ணலாம்.

முதலாவது அரசு மானியம். போதைப்பொருள் தேவைக் குறைப்புக்காக ஒன்றிய சமூக நீதி அமைச்சகம் 2018இல் தொடங்கிய தேசியச் செயல்திட்டத்தில், சகவயதினர் வழியே ஊரில் இளையோரிடம் செய்யும் தடுப்புப் பணி தனிக் கூறாக உண்டு. பணம் தவணையாக வரும். செலவுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும்.

இரண்டாவது நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி. நிறுவனங்கள் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவு, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவிடக் கோருகிறது. ஏழாம் அட்டவணை நோய்த்தடுப்பு நலத்தையும் சேர்த்துள்ளது. அரியலூர் வட்டாரத்தில் சிமென்ட் ஆலை உள்ள ரெட்டிபாளையத்துக்கு இவ்வழி நெருக்கமானது.

மூன்றாவது மாவட்டக் கனிம அறக்கட்டளை. 2015ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத் திருத்தத்தால் வந்த இந்நிதி சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குரியது; சுகாதாரம் அதன் முன்னுரிமைத் துறைகளுள் ஒன்று. சுண்ணாம்புக்கல் வெட்டும் அரியலூர் வட்டாரத்துக்கு இதில் உரிமை உண்டு.

காப்பீடு இவ்வரிசையில் சேராது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 மது, போதை சார்ந்த மனநிலைகளையும் மனநோய் வரையறையில் அடக்கி, அதன் சிகிச்சைக்குக் காப்பீடு கோருகிறது. அங்கும் நோயாளி இருந்தால்தான் பில் உண்டு.

4. கணக்கின் படிகள்

வழக்கமான பதிவேட்டில் 'விழிப்புணர்வுக் கூட்டம், வந்தோர் 60, பேனர், தேநீர்' என்றிருக்கும். வவுச்சர்கள் சரியாக இருக்கும், தணிக்கையும் முடியும். அறுபது பேரில் எவர் என்ன செய்தார் என்பது மட்டும் அதில் இராது. ஆகவே பயிற்சி பெற்றவரையே அலகாகக் கொண்டு நான்கு படிகளை முன்மொழிகிறோம்.

முதற்படி, பயிற்சி பெற்றவர் யார், கற்றது என்ன என எழுதுதல். இரண்டாம் படி, ஒரு மாதம் கழித்து அவர் தாமாகச் செய்ததைப் பதிதல். லாரிக்கு லோடு ஏற்றும் குழுவின் மேஸ்திரி, சனிக்கிழமை மாலையில் தந்துவந்த கூலியை, நண்பகலில் டாஸ்மாக் மதுக்கடை திறப்பதற்கு வெகுமுன்பாக, வேலைநாள் காலையிலேயே தர ஏற்பாடு செய்தால் அது ஒரு பதிவு. மூன்றாம் படி, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அவர் அனுப்பியோரின் எண்ணிக்கை, பெயர் கூடாது. நான்காம் படி, முன்பே தீர்மானித்த வீதப்படி தொகை கணக்கிட்டு, கிராம சபையில் வாசித்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுதல்.

5. முடிபு

மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக்கின் தனியுரிமை; அங்கு ஒவ்வொரு பாட்டிலுக்கும் கணக்குண்டு; தடுப்பின் விளைவுக்கோ கணக்கில்லை. 2019இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெறுகிறார். இத்தனை பேர் சிகிச்சையை எட்டாத நிலையில் தடுப்பின் கடமை பெருகுகிறது. பேனருக்குப் பணம் தந்தால் பேனரே பெருகும். மேஸ்திரியின் மாற்றத்துக்குப் பணம் தந்தால் அம்மாற்றத்தைத் தேடிச் செல்வோர் பெருகுவர். எனவே மூன்று நிதி வழிகளும் பயிற்சி பெற்றவரையே பொது அலகாக ஏற்க வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபு.