அடுத்த வீட்டு வருவாய்: ஈமு, மரவள்ளி, விடுபடல் அச்சம்

பிறர் பெறும் பயன் தனக்கு மட்டும் கிட்டாமல் போய்விடுமோ என்ற மனக்கலக்கத்தை ‘விடுபடல் அச்சம்’ எனலாம். 2013இல் ஆண்ட்ரூ பிரசிபில்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் இதனை அளக்கப் பத்துக் கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டு, தன்னுரிமை, திறனுணர்வு, பிறரோடான பிணைப்பு ஆகிய தேவைகள் நிறைவுறாதோரிடம் இவ்வச்சம் மிகுந்திருப்பதைக் காட்டினர். அவ்வாய்வு சமூக ஊடகத்தை ஒட்டி எழுந்ததால், இது கைப்பேசியோடு வந்த இளையோர் நோய் என்ற எண்ணம் வேரூன்றியது. நாளையை நினையாமல் இன்றைக்கு வாழும் மனப்போக்கு இதற்கு நேரெதிரானது என்றும் கருதப்படுகிறது. கொங்கு, சேலம் வட்டாரங்களின் அண்மைக்கால வேளாண் வரலாறு இவ்விரு கருத்துகளுக்கும் இடங்கொடுப்பதில்லை.

2012 ஆகஸ்டில் சரிந்த ஈமு வளர்ப்புத் திட்டங்கள் இதற்குத் தெளிவான சான்று. பெருந்துறையைத் தலைமையிடமாகக் கொண்ட சுசி ஈமு பண்ணை நிறுவனம், 1.5 லட்சம் ரூபாய் கட்டுவோருக்கு 6 குஞ்சுகளும், மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புத் தொகையும், ஆண்டுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகையும் தருவதாக அறிவித்தது. ஆண்டு வரவு 92,000 ரூபாய், அதாவது கட்டிய தொகையில் ஏறத்தாழ 61 விழுக்காடு. இறைச்சிக்கோ எண்ணெய்க்கோ போதிய சந்தை இல்லாத பறவை இவ்வளவு ஈட்டுமா என்ற வினா எழவேண்டிய இடத்தில், ஊரில் ஒருவர் மாதந்தோறும் பணம் வாங்குகிறார் என்ற செய்தி நின்றது. புறவயமான அளவுகோல் இல்லாதபோது மனிதர் தம்மை ஒத்தவரோடு ஒப்பிட்டே தம் நிலையை மதிப்பிடுகின்றனர் என லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் முன்வைத்த சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு இங்கே பொருந்துகிறது: தொலைவிலுள்ள செல்வந்தரின் ஆதாயம் உறுத்துவதில்லை, அதே அளவு நிலமுள்ள பங்காளியின் ஆதாயமே உறுத்துகிறது. இதற்குக் கைப்பேசி தேவைப்படவில்லை.

இத்திட்டத்தின் சூழ்ச்சி மாதத் தொகையில் இருந்தது. உடனடிப் பயனை அளவுக்கு மீறி எடைபோடும் இயல்பை உளவியலார் ‘நிகழ்காலச் சார்பு’ என்பர். மாதம் வந்த 6,000 ரூபாய் அச்சார்பை நிறைவுசெய்த அதே வேளையில், பணம் போட்டவருக்குத் தாம் எதிர்காலத்துக்காகச் சேமிக்கிறோம் என்ற நிறைவையும் அளித்தது. அடுத்தவரின் இன்றைய வரவைத் தம் நாளைய வரவாகக் கணக்கிட்ட அந்த மனநிலையில் விடுபடல் அச்சமும் இன்றைக்கு வாழ்தலும் ஒன்றையொன்று ஊட்டின. பின்னர் பேராசை என்று சொல்லி முடித்துக்கொண்ட விளக்கம், நகையை அடகுவைத்தவரையும் உபரிப் பணம் போட்டவரையும் ஒரே தட்டில் நிறுத்தியதால், எதையும் விளக்கவில்லை.

பச்சைமலை அடிவாரத்துக் கெங்கவல்லிப் பகுதியில் மிகுதியாகப் பயிராகும் மரவள்ளியில் இவ்விரு மனநிலைகளின் பிணைப்பு இன்னும் நுண்ணியது. மாவுச்சத்தின் அளவான ‘பாயிண்ட்’ கணக்கில் ஜவ்வரிசி ஆலைகள் விலை தருகின்றன. பயிர் முதிர ஏறக்குறைய பத்து மாதம் ஆகும். விலை உயர்ந்த ஆண்டில் பலரும் நடுவதால் அடுத்த அறுவடையில் வரத்து பெருகி விலை வீழ்வதுண்டு. விலை இறங்கிவிடுமோ என்று முதிராத கிழங்கைப் பிடுங்கினால் பாயிண்ட் குறைந்து இழப்பு நேர்கிறது. பிடுங்கிய கிழங்கோ சில நாள்களில் கெடும்.

முதிராமுன் பிடுங்குவதை உழவரின் பொறுமையின்மை எனலாமா? தமிழ்நாட்டுக் கரும்பு உழவரிடம் நடத்தி 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில், அறுவடைக்கு முன் பணமுடை மிகுந்த காலத்தில் அறிவாற்றல் சோதனைகளில் குறைவாகச் செய்த அதே மனிதர், அறுவடைக்குப் பின் மேம்பட்டனர். ஈமுவில் லட்சங்களை இட்டவரைவிட மரவள்ளி உழவருக்கே இம்முடிவு கூடுதலாகப் பொருந்தும். மறுபுறம், 1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கில் ஜவ்வரிசியை இருப்பு வைத்து ஆலையுரிமையாளர் விலைக்குக் காத்திருக்க முடிகிறது. காத்திருக்கும் ஆற்றலில் ஒரு பகுதி மனத்திலும், பெரும்பகுதி கிடங்கிலும் கடன் வசதியிலும் இருக்கிறது. பச்சைக் கிழங்கை விற்பவருக்கு அத்தகைய கிடங்கு இல்லை. மண்ணே அவருடைய ஒரே சேமிப்பு, அதற்கும் அடுத்த நடவுப் பருவம் வரையே தவணை.