சாவி யாரிடம்?
சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டி வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸில், பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமி பிராமண விதவைகளுக்கு விடுதி நடத்தினார். மற்றச் சாதி விதவைகளுக்கு அங்கே இடமில்லை. தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகளை விடுதிகள் மறுத்தபோது முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லம் தொடங்கினார். ஆதரவற்ற பெண்ணுக்கு இல்லம் கிடைத்தது. சம்பாதிக்கும் பெண்ணுக்கு வாடகை வீடு எளிதில் கிடைப்பதில்லை. 1960இன் சட்டம் நியாய வாடகையைப் பேசியது. 2017இன் சட்டம் ஒப்பந்தப் பதிவையும் அட்வான்ஸையும் பேசுகிறது. "கூட யாரு இருப்பாங்க? நீங்க என்ன ஆளுங்க?" என்று என்னிடமும் கேட்டார்கள். இக்கேள்விகளை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இல்லத்தின் சாவி காப்பாளரிடம் இருக்கும். தன் பெயரில் ஒப்பந்தம் எழுதி, சாவியைத் தானே வைத்துக்கொள்ளும் பெண்ணை இந்நகரம் இன்னும் சந்தேகமாகவே பார்க்கிறது.