எண்ணெய் வரியில் எண்ணப்பட்ட கிரில்

என் வேலையில் பழைய லாக் கோப்புகளை யாரும் சீண்டமாட்டோம்; ஏதாவது உடைந்தால்தான் தேடுவோம். அன்டார்டிகக் கிரிலின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான்.

1925-இல் பிரிட்டனின் ‘டிஸ்கவரி’ கப்பல் தென்கடலுக்குப் புறப்பட்டது. செலவுக்குப் பணம்? ஃபாக்லாந்து தீவுகளின் நிர்வாகம் திமிங்கில எண்ணெய்க்குப் போட்ட வரி. திமிங்கிலத்தின் இரை எங்கே என்று தெரிந்தால் வேட்டை நீடிக்கும் என்பது கணக்கு. அந்த இரைதான் கிரில்: இறால் மாதிரி, சுண்டுவிரல் நீளம். ஆய்வில் இருந்த ஜேம்ஸ் மார், வலைப் பதிவுகளைத் தொகுத்து 1962-இல் பெரிய நூலாக்கினார். அதற்குள் நீலத் திமிங்கிலங்கள் ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தன.

2004-இல் ஆங்கஸ் அட்கின்சனும் சகாக்களும் 1926 முதலான வலைக்கணக்குகளை ஒன்றுசேர்த்தார்கள். தென்மேற்கு அட்லாண்டிக்கில் 1970-களுக்குப் பிறகு கிரில் குறைந்துவிட்டது என்றார்கள். குளிர்காலக் கடற்பனியோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். பனிக்கு அடியில் வளரும் பாசிதான் கிரில் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. வலைகள் ஒரே மாதிரி இல்லையே என்று மறுத்தவர்களும் உண்டு. சண்டை போடவாவது கணக்கு இருக்கிறது. கொல்வதற்காக எண்ணியவர்கள் விட்டுப்போன நோட்டு அது. காப்பாற்றுவதற்கும் இன்று அதைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.